கரண்டு விஷயத்தில் கை சுத்தம்

சிங்கப்பூரின் பஃபலோ சாலையில் காய்கறிக் கடைகள் முடிகிற இடத்தில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. அதன் கல்லாவில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் பதுருன்னிசா. வயது ஐம்பத்தாறு. கூடையைப் பார்த்த மாத்திரத்தில் முப்பத்தேழு வெள்ளி சொச்சம் என்று சொல்லிவிடுவார். இயந்திரம் பிறகுதான் அதை ஒப்புக்கொள்ளும். யாராவது ஐம்பது வெள்ளி நீட்டிவிட்டு நூறு கொடுத்ததாகச் சாதித்தால் குரலை உயர்த்த மாட்டார். "நாலா மடிச்சு வச்சிருந்த அம்பது. அதோ மேலேயே கிடக்குது பாருங்க" என்பார். வந்தவர் மீதியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்.

உயர்நிலை இரண்டோடு பள்ளியை விட்டவர் அவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கீழே ஐந்து தம்பி தங்கைகள். பதினைந்து வயதில் ஒரு துணிக்கடையில் நூல்கண்டு எண்ணத் தொடங்கியவர் இன்றுவரை எதையாவது எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார். படிக்கவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அந்தக் குறையை மூட ஒரு பெருமையும் வைத்திருந்தார். கணக்கில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதே அது. யாரும் ஏமாற்றவில்லைதான். அவராகவே ஏமாந்தார். அதற்கான விலையை வேறொரு பெண் கொடுத்தாள்.

வீடு ஆங் மோ கியோவில், ஒன்பதாவது மாடி, நாலறை வீடு. கணவர் ஜாஃபர் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ஆஸ்மா, காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஒரே சீட்டில் வருவதை அந்த வீட்டில் இன்னமும் 'பியூபி பில்' என்றுதான் சொல்வார்கள். முன்பெல்லாம் ஜாஃபர் அதை எடுத்துக்கொண்டுபோய் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கட்டிவிட்டு வருவார். பில் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஏன் என்று அவர் கேட்டதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. அவர் ஓய்வு பெற்றதும் ஆஸ்மா அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். பில் அவளுடைய கைப்பேசிக்கு வரும், பணம் அவள் வங்கியிலிருந்து தானாகப் போகும். கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் குடும்பக் குழுவில் போடுவாள். பதுருன்னிசா அதைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்புவார். அவ்வளவுதான்.

ஜனவரி மாதம் இருபத்து மூன்று வெள்ளி வந்தது. மிகவும் சந்தோஷப்பட்டு இரண்டு கட்டைவிரல் அனுப்பினார்.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு ஒரு ஃப்ரீசர் வந்தது. ஜாஃபருக்குத் தெரிந்த ஒருவர் உறைபனி உணவுக்கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் பதுருன்னிசாதான் கணவரை அங்கே விரட்டினார். நோன்பு மாதத்தில் அவர் சமோசாவும் கட்லெட்டும் செய்து அந்த அடுக்குமாடி புளோக்கில் உள்ளவர்களுக்கு விற்பார். பள்ளிவாசலுக்கும் ஒரு பங்கு போகும். வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் போதவில்லை என்று ஒவ்வொரு வருடமும் புலம்புவார். எண்பது வெள்ளிக்கு வந்தது, கண்ணாடி மூடி போட்ட ஆள் நீள ஃப்ரீசர். சமையலறைக் கோடியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சாயங்கால வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தார்கள். வேறு இடம் இல்லை. அது உறுமிக்கொண்டே இருந்தது. நாலு நாளில் அந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் ருக்ஸானா வந்தாள்.

இருபத்தாறு வயது, கடையநல்லூர்ப் பெண். நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதி. பதுருன்னிசாவின் பாட்டனாரும் கடையநல்லூரிலிருந்து கப்பலேறியவர்தான் என்று பேச்சில் தெரிந்ததும் அன்றைக்கே "சாச்சி" என்று உறவு சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். காலியாக இருந்த அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். வாடகையில் பியூபியும் சேர்த்தி.

"ஏர்கான் போட்டுக்கலாமா சாச்சி?"

"தாராளமா போட்டுக்கம்மா. ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும். எல்லா வீட்டுலயும் அதான் ரூல்."

"நைட் ஷிஃப்ட் வந்தா பகல்லதான் தூங்குவேன்..."

"அப்பப் பார்த்துக்கலாம், லா."

பிப்ரவரி பில் இருநூற்று முப்பத்தெட்டு.

பதுருன்னிசா கடையில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு மீதி கொடுத்துக்கொண்டிருந்தவர் இரண்டு வெள்ளியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் அது எத்தனையாவது முறை என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லலாம். இருபத்து மூன்று எங்கே, இருநூற்று முப்பத்தெட்டு எங்கே? இடையில் வீட்டில் என்ன மாறியது? அவர் மனம் கணக்குப் போட்டது. ஒரு ஆள் கூடியிருக்கிறது. விடை சரி என்று தோன்றியது. அதற்கு மேல் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் அவருக்கு விடுப்பு. காலை எட்டரைக்கு ருக்ஸானா வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் வெளிச்சுவரில் இருந்த ஏர்கான் பெட்டி ஓடத் தொடங்கியது. பதுருன்னிசா சமையலறை ஜன்னலில் நின்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. அது காதில் விழவில்லை.

பிற்பகலில் ருக்ஸானா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி அறைக்குப் போனவள் மறுபடியும் வந்தாள்.

"சாச்சி, ஏர்கான் ரிமோட்டைக் காணோம்."

"என்கிட்டதான் இருக்கு. ராத்திரி பத்து மணிக்குத் தரேன்."

"ராத்திரி நான் வேலையில இருப்பேனே."

"அப்ப உனக்கு எதுக்கு ரிமோட்?"

ருக்ஸானா சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி சாச்சி" என்றாள்.

அன்று முதல் அவள் பகலில் ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு சின்ன மேசை விசிறிக்குக் கீழே தூங்கினாள். நோன்பும் தொடங்கிவிட்டது. தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நேரத்தில் அந்த அறையில் கிடந்தாள். ஜாஃபர் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டார்.

"பதுரு, அந்தப் புள்ளை ராத்திரி பூரா வீட்டுலயே இல்லை. அது எப்படி அவ்வளவு கரண்டு எடுக்கும்? ஒருவேளை இந்த ஃப்ரீசரா இருக்குமோ?"

"ஃப்ரீசர் சும்மா நிக்குது. அதை யாரு போட்டுப் போட்டு அணைக்கிறா? ஒரே மாதிரிதானே ஓடுது?"

"ஒரே மாதிரி ஓடுறதுதான்..."

"உங்களுக்கு பஸ்ஸு தெரியும், எனக்குக் கணக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க."

ஜாஃபர் சமோசாவுக்கு வெங்காயம் உரிக்கப் போனார். அந்த மாதம் ஃப்ரீசர் நிரம்பி வழிந்தது. புளோக்கில் யாராவது வந்து கேட்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். சில சமயம் பேச்சு வாக்கில் மூடாமலும் நின்றார்கள்.

மார்ச் பில் இருநூற்று அறுபத்து மூன்று.

ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டே படுத்தும் பில் ஏறியிருக்கிறது! இப்போது பதுருன்னிசாவுக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்தது. அந்தப் பெண் வேறு ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள், ரைஸ் குக்கர் அல்லது மின்சார அடுப்பு. ருக்ஸானா வேலைக்குப் போயிருந்த ஒரு மாலையில் அவர் அந்த அறையைத் திறந்தார். அலமாரிக்குள் நான்கு சீருடை, ஒரு தொழுகை அங்கி, பெருநாளைக்கு ஊரிலிருந்து தங்கை அனுப்பியிருந்த பிரிக்காத பார்சல். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு. கதவுக்குப் பின்னால் ஈரத் துண்டு தொங்கியது. ஒன்றும் கிடைக்காததால் அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவருக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சாமர்த்தியமா என்று நினைத்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ வேற இடம் பார்த்துக்கம்மா. எங்களுக்குக் கட்டுப்படியாகலை."

"நான் ஏர்கானே போடுறதில்லையே சாச்சி."

"பில் பொய் சொல்லுமா?"

"பில்லைக் காட்டுங்க, நானும் பார்க்கிறேன்."

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பதுருன்னிசாவிடம் காட்டுவதற்குப் பில் இல்லை. மூன்று எண்கள் மட்டும் கைப்பேசியில் இருந்தன. அவற்றைக் காட்டினார். ருக்ஸானா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பணத்தில் நூற்றிருபது வெள்ளியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகப் பதுருன்னிசா சொன்னபோதும் அவள் எதிர்த்துப் பேசவில்லை.

"சரி ஆன்ட்டி" என்றாள்.

சாச்சி போய் ஆன்ட்டி வந்துவிட்டது. ஜாஃபர் அதைக் கவனித்தார். பதுருன்னிசா கவனிக்காததுபோல் எழுந்து போனார்.

ஏப்ரல் பில் தொண்ணூற்று ஒன்று.

அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் சரக்கு அடுக்கும் தங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். "பார்த்தியா தங்கம்? அவ போனா, பில்லும் போச்சு!"

"அடேயப்பா, ஒரே பொண்ணு அவ்வளவுமா? கரண்டைக் குடிச்சாளா, என்ன?"

இருவரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று முழுக்க அந்தக் கதையைச் சொன்னார்.

அதே வாரத்தில் ரஷீதா தொலைபேசியில் அழைத்தார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ரஷீதா வீட்டில் பெண்களுக்கு ஓதல் வகுப்பு நடக்கும், பதுருன்னிசாவும் போவார். பழக்கம் அப்படித்தான்.

"உங்க வீட்டுல இருந்த பொண்ணு ருக்ஸானா, எங்க ரூமைக் கேட்டு வந்திருக்கு. பார்க்க நல்ல புள்ளையா தெரியுது. எப்படி, வைக்கலாமா?"

பதுருன்னிசா கெடுதல் செய்ய நினைத்துச் சொல்லவில்லை. நன்றாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.

"நல்ல புள்ளதான். தொழுகை, மரியாதை எல்லாம் இருக்கு. கரண்டு விஷயத்துல மட்டும் கை சுத்தம் போதாது."

"ஓ. அப்படியா?"

"ஆமா, லா. நான் பட்டதை நீயும் படக்கூடாதுல்ல."

பணப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர் வாயில் அந்தச் சொல் சுலபமாக வந்துவிட்டது. கடையில் ஒருவரைப் பற்றி அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மே மாதம் இருநூற்று நாற்பத்தைந்து வந்தது.

ஆஸ்மா வழக்கம்போல் தொகையைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறியையும் போட்டிருந்தாள். பதுருன்னிசா அன்று கட்டைவிரல் அனுப்பவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி வீட்டு ஆட்களை எண்ணினார். வீட்டில் இப்போது மூன்றே பேர். அந்த அறை காலி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்மா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தாள். ஐந்து மாதப் பில்லையும் முதல் முறையாக முழுசாகப் பார்த்தார்கள்.

"ம்மா, நாம எல்லாரும் கடைசி லைனை மட்டும்தான் பார்த்திருக்கோம். மிஸ்டேக் என்னோடதுதான். இங்க பாரு, ஜனவரியில யூ-சேவ்னு கழிச்சிருக்காங்க. ஏப்ரல்லயும் கழிச்சிருக்காங்க. நூறு வெள்ளிக்கு மேல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கவர்மென்ட் குடுக்கிறது."

"அந்த வவுச்சரா? அதை நான்தான் பாசார்லயும் கடையிலயும் செலவழிச்சிட்டேனே."

"அது சிடிசி வவுச்சர், ம்மா. போன்ல வர்றது. இது வேற. இது நம்ம கைக்கே வராது, பில்லுலயே கழிஞ்சிடும்."

பதுருன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இத்தனை நாளும் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தார். கழித்த மாதத்தில் பில் சின்னதாக வந்தது, கழிக்காத மாதத்தில் பெரிதாக வந்தது. அந்தப் பெண் வந்தது ஒரு கழித்த மாதத்துக்குப் பிறகு. போனது இன்னொரு கழித்த மாதத்தில்.

"வெள்ளியைப் பார்க்காதே, யூனிட்டைப் பாரு" என்றாள் ஆஸ்மா.

யூனிட்டைப் பார்த்தார். ஜனவரியில் முந்நூற்று நாற்பது. பிப்ரவரியில் ஐந்நூற்று அறுபது. மார்ச்சில் அறுநூற்று நாற்பது. ருக்ஸானா போன ஏப்ரலில் ஐந்நூற்று அறுபத்தைந்து. அந்த அறையில் யாருமே இல்லாத மே மாதத்தில் ஐந்நூற்று எண்பது. அவள் இருந்தபோதும் இல்லாதபோதும் அதே உயரம். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்குத் தெரிந்தவர்தானே.

ஆஸ்மா கைப்பேசிச் செயலியில் இன்னொன்றைக் காட்டினாள். புதிய மீட்டர் என்பதால் ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் எவ்வளவு மின்சாரம் போனது என்று அதில் கோடு கோடாகத் தெரிந்தது. அதிகாலை மூன்று மணிக்கு எல்லாரும் தூங்குகிறபோதும் கோடு கீழே இறங்கவில்லை. முந்தின வாரம் கல்யாணத்துக்கு என்று காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் மாலையில் வந்தார்கள். அன்று பகல் முழுக்கவும் அப்படியே. ஆள் இல்லாத வீட்டில் யாரோ உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்ததுபோல் இருந்தது.

ஜாஃபர் எழுந்து சமையலறைக்குப் போனார். சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. உறுமல் நின்றது. நான்கு மாதத்தில் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டு வானொலி அவர்களுக்குக் கேட்டது.

மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஓர ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு சாண் தடிமனுக்குப் பனி ஏறியிருந்தது. உள்ளே இரண்டு பொட்டலம் சமோசா, ஒரு பை பட்டாணி. அவ்வளவுதான். அதற்காகத்தான் அது வெயிலில் நின்று இரவும் பகலும் ஓடியிருக்கிறது.

மறுநாள் கோடுகள் விழுந்தன, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். "வேற எதையும் தொடவே வேணாம் போலிருக்கே" என்றாள் ஆஸ்மா. இருந்தாலும் வீட்டு ஃப்ரிட்ஜின் ரப்பரை ஒரு தாளைச் செருகி இழுத்துச் சோதித்தாள். குளியலறை ஹீட்டரை யார் அணைக்க மறப்பது என்று அப்பாவோடு சண்டை போட்டாள். புதன்கிழமை பழைய சாமான் எடுக்கும் காரங்கூனிக்காரர் வந்து ஃப்ரீசரைப் பார்த்துவிட்டு, தூக்கிக்கொண்டு போகத் தனக்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தார்கள்.

இதிலெல்லாம் பதுருன்னிசா கலந்துகொள்ளவில்லை. எந்த நேரத்திலும் அவர் கண்ணுக்கு முன்னால் ஈரத் துண்டு வந்து நின்றது. நோன்பு வைத்துக்கொண்டு இரவு முழுவதும் கிழவர்களையும் கிழவிகளையும் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு வந்த பிள்ளை. அதன் அலமாரியைத் திறந்து துணியைக் கலைத்துப் பார்த்தோமே என்று நினைத்தார். கடையில் தங்கம் வந்து, "என்னக்கா, இந்த மாசம் பில் எவ்வளவு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "இன்னும் வரலை" என்றார். பொய். சொல்லிவிட்டுக் குனிந்து சில்லறைக் காசை அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

"அந்தப் புள்ளைகிட்டப் போயிட்டு வா" என்றார் ஜாஃபர் அன்று மாலை. குத்திக்காட்டும் குரல் இல்லை. அதுதான் பதுருன்னிசாவுக்குத் தாங்கவில்லை.

"நீங்க அன்னிக்கே ஃப்ரீசரான்னு கேட்டீங்க."

"கேட்டேன். அப்புறம் வெங்காயம் உரிக்கப் போயிட்டேன். நானும்தான் சும்மா இருந்தேன்."

ருக்ஸானா இப்போது கேலாங்கில், ஒரு அறையில் நான்கு பேரோடு இருந்தாள். குறுஞ்செய்திக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு அல்ஜூனிட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் பார்க்கலாம், நான்கரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

சீருடையோடு வந்திருந்தாள். இளைத்திருந்தாள். பதுருன்னிசா நூற்றிருபது வெள்ளி இருந்த உறையை மேசையில் வைத்தார். நடந்தது முழுவதையும் சொன்னார். யூ-சேவ், யூனிட், ஃப்ரீசர், ரப்பர் எல்லாம். அலமாரியைத் திறந்ததையும் சொன்னார்.

"அது தெரியும் ஆன்ட்டி. பார்சலை மாத்தி வச்சிருந்தீங்க."

ருக்ஸானா உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தாள், கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நான் யார்கிட்டயும் உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. ஏன் ரூம் மாத்தினேன்னு கேட்டவங்ககிட்ட தூரம்னு சொன்னேன். நாலு ஸ்டாப். அது தூரமாம்!" என்று சிரித்தாள். "இப்ப போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்."

"ரஷீதா வீட்டு ரூம் கிடைக்கலையாம்மா?"

ருக்ஸானா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே தெரியாமல் கேட்கிறாரா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"கை சுத்தமில்லாத பொண்ணை யாரு வீட்டுல வைப்பா?"

"யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான்."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலைம்மா! கரண்டு விஷயத்துலன்னு முன்னாடியே சொன்னேன்!"

"முன்னாடி சொன்னதை யாரு ஆன்ட்டி தூக்கிட்டு வருவா? பின்னாடி சொன்னது மட்டும்தான் வந்து சேர்ந்துச்சு."

ரஷீதாவின் தங்கை அதே முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள் என்பது பதுருன்னிசாவுக்கு மறந்தே போயிருந்தது. போன மாதம் அங்கே ஒரு பாட்டியின் மோதிரம் காணாமல் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தலையணை உறைக்குள் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் யாரையும் கேட்பதற்கு முன்னால் ருக்ஸானாவின் பையைத்தான் திறக்கச் சொன்னார்கள்.

"திறந்து காட்டினேன். என்ன செய்ய? மேலே டிஃபன் பாக்ஸ் இருந்துச்சு, அதையும் திறக்கச் சொன்னாங்க."

அவள் அழவில்லை. மணியைப் பார்த்தாள். "பணம் வந்துருச்சு. அதுக்கு நன்றி. நான் கிளம்புறேன்."

பதுருன்னிசா நீண்ட நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தட்டு எடுக்க வந்த சீனக் கிழவர் இரண்டு முறை மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். ரஷீதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று முதலில் நினைத்தார். கைப்பேசியைக்கூட எடுத்தார். தனியாகச் சொன்னால் அது ரஷீதாவோடு நின்றுவிடும். நல்ல பேச்சுக்குக் கெட்ட பேச்சின் வேகம் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ரஷீதா வீட்டு ஹாலில் பதினாறு பேர் இருந்தார்கள். ஓதி முடித்து, தேநீரும் கேசரியும் வந்தன. ரஷீதாவின் தங்கையும் தட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பதுருன்னிசா எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளியில் தப்பு செய்தவர்கள் எழுந்து நின்றுதானே சொல்வார்கள்.

"ரெண்டு நிமிஷம் கேளுங்க. எங்க வீட்டுல இருந்த ருக்ஸானாவைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன். கை சுத்தம் போதாதுன்னு. அது பொய். அந்தப் புள்ளை ஒரு பைசா எடுக்கலை. ஒரு யூனிட் கரண்டுகூட அதிகமா எடுக்கலை. பில்லு ஏறினதுக்குக் காரணம் என் வீட்டு ஃப்ரீசர். நீங்கல்லாம் சமோசா வாங்கினீங்களே, அந்த ஃப்ரீசர்தான். எனக்கு பில்லு படிக்கத் தெரியலை. தெரியாதுன்னு ஒத்துக்காம அவ தலையில போட்டேன்."

யாரோ ஒருவர் சமோசா என்றதும் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்.

"எங்கிட்ட நீ அப்படித்தானே சொன்னே?" என்றார் ரஷீதா. குரலில் வருத்தமும் இருந்தது, தற்காப்பும் இருந்தது. "நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலையே."

"உன்னைக் குத்தம் சொல்ல வரலை. என் வாயிலேருந்துதான் போச்சு."

ரஷீதாவின் தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவளை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் பதுருன்னிசாவையே பார்த்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பேரை நேராகப் பார்த்துப் பழகியவருக்கு இந்தப் பதினாறு பேரைப் பார்க்க முடியவில்லை. தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவளுக்கு இது தெரியுமா?" என்று மூலையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். "இங்க வந்து சொல்றது நல்லதுதான். அவ காதுல விழணும்ல?"

பதுருன்னிசா கைப்பேசியை எடுத்து அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். மணி ஐந்து தடவை அடித்தது.

"ஹலோ?" பின்னால் சாலை இரைச்சல்.

"ருக்ஸானா, நான் பதுருன்னிசா. ரஷீதா வீட்டுல இருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் கேக்கிறாங்க. உன்னைப் பத்தி நான் சொன்னது பொய்னு இவங்ககிட்டச் சொல்லிட்டேன். ரஷீதாவோட தங்கச்சியும் இருக்கு. உன் முன்னாடியும் ஒரு தடவை சொல்றேன். நீ எதையும் எடுக்கலை. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுக்கம்மா."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரஷீதாவின் தங்கை நகர்ந்து வந்து கைப்பேசிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "ருக்ஸானா, நானும்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்கத் தெரியாமல் நின்றாள்.

"கேட்டுச்சு" என்றாள் ருக்ஸானா. "நாளைக்கு ட்யூட்டியில பார்க்கிறவங்ககிட்டயும் இதைச் சொல்லச் சொல்லுங்க. கிச்சன்ல இருக்கிறவங்ககிட்ட, மேட்ரன்கிட்ட" என்றாள்.

"சொல்றேன் ருக்ஸானா" என்றாள் அந்தப் பெண்.

"மன்னிப்பு பத்தி எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியலை ஆன்ட்டி. பஸ் வந்துருச்சு. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

ரஷீதா எல்லாருக்கும் தேநீரை மறுபடி ஊற்றத் தொடங்கினார். பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. அவரவர் வீட்டு பில்லை அவரவர் கைப்பேசியில் தேடினார்கள். யூ-சேவ் எந்த வரியில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி பதுருன்னிசாவிடம்தான் வந்தது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்மணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விரலால் வரியைக் காட்டினார்.